வளர்பலகையில் ஒரு திருஷ்டிப் பொட்டு

பேருந்து நிலையத்து வளர்பலகையில் மாம்பழம் செத்துக்கொண்டிருந்தது. சில நாள் முன்புவரை நான்கு மாடி உயரத்துக்குத் தளதளவென்று தொங்கிய பழம் அது. பார்த்தவர்களுக்கெல்லாம் நாக்கில் எச்சில் ஊறியது. பிறகு ஊருக்குச் சலித்துவிட்டது. பார்வை குறையக் குறையப் பழமும் சுருங்கி, இந்தக் காலையில் எலுமிச்சங்காய் அளவில் பலகையின் மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தது.

செல்வக்கனி எதிரே டீக்கடை வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் சற்று நேரத்தில் அவளுடைய வித்து அந்தப் பலகையில் விழப்போகிறது. கையிலிருந்த டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

சிவகாசியில் இப்போது விளம்பரத்தை யாரும் வரைவதில்லை. வளர்க்கிறார்கள். பலகை முழுக்க உயிர்மை பூசியிருக்கும். கடுகைவிடப் பொடியான நிறத்துணுக்குகள் அவை. தாமே ஒளிரும், தாமே நகரும். பலகையின் விளிம்பில் வரிசையாகப் பதித்திருக்கும் பார்வைமானிகள், தெருவில் போகிற ஒவ்வொரு கண்ணும் எங்கே பார்க்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளந்து உயிர்மைக்குச் சொல்லும். அதற்குத் தெரிந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். கண் நிற்கிற இடம் வளர வேண்டும், கண் நழுவுகிற இடம் தேய வேண்டும். தொடக்கத்தில் போட ஒரு சின்னப் படம் போதும். அதற்குத்தான் வித்து என்று பெயர். செல்வக்கனி, நவமணி விளம்பரக் கூடத்தின் வித்துக்காரி.

அதிசயம் என்றால் அதிசயம்தான். ஒருமுறை வெறும் நீலச் சேலை ஒன்றை வித்தாகப் போட்டாள். பெண்களின் கண் முந்தானையில் நின்றது. முந்தானை வளர்ந்தது, பூ விட்டது, பூவுக்குள் அலை எழுந்தது. சாயங்காலத்துக்குள் எந்தத் தறியும் அதுவரை நெய்யாத ஒரு சேலை நான்கு மாடி உயரத்துக்கு விரிந்து கிடந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து நெசவாளர்கள் வண்டி பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். யார் வரைந்தது என்று கேட்டால் சொல்வதற்கு ஆளில்லை. தெருவில் போன அத்தனை பேரும் ஒரு நூல் இழுத்திருந்தார்கள்.

ஊரில் இருக்கும் பலகைகள் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்று. ஒன்று கற்றுக்கொண்டதை மற்றவை உடனே கற்றுக்கொள்ளும். இரவெல்லாம் அவை எரிகிற வெளிச்சத்தில் தெருவிளக்கே தேவையில்லை என்று நகராட்சி எப்போதோ கம்பங்களைப் பிடுங்கிவிட்டது. இருட்டு என்ற ஒன்று இந்த ஊரில் ஒழிந்து மூன்று தலைமுறை ஆகிறது. நட்சத்திரம் என்றால் இங்கே பிள்ளைகளுக்கு மத்தாப்புப் பெட்டிமேல் அச்சடித்திருக்கும் ஐந்து முனை உருவம், அவ்வளவுதான். வானம் வேறு எதற்காவது இருக்கிறதென்றால், சித்திரை வெயிலைத் தணிக்க அரசாங்கம் கண்ணாடித்தூள் விரிப்பதற்கு.

வித்துக்காரர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. உயிரோடு இருக்கிறவர் முகத்தை வித்தாகப் போடக் கூடாது. முன்பு ஒரு பாட்டுக்காரர் தன் முகத்தைப் பட்டு வேட்டி விளம்பரத்துக்குக் கொடுத்தார். ஊர் பார்த்துப் பார்த்து மூக்கைக் கூராக்கியது, நிறத்தை ஏற்றியது, புருவத்தை வில்லாக்கியது. ஒரு வாரம் கழித்து அவர் கச்சேரிக்கு வந்தபோது ரசிகர்கள், "இவர் அவர் மாதிரி இல்லையே" என்று எழுந்து போய்விட்டார்கள். அவர் மனைவியே கொஞ்ச நாள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாராம். அதன்பிறகு அவர் பாடவே இல்லை.

செல்வக்கனிக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் செய்தாள்.

செம்பாவை குழந்தை சோப்புக்கு வித்து கேட்டிருந்தார்கள். கற்பனைக் குழந்தைகளாக எத்தனையோ செய்து பார்த்தாள். சோதனைப் பலகையில் ஒன்றும் முளைக்கவில்லை. இயந்திரம் செய்த குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து ஊர்க்கண் மரத்துப்போயிருந்தது. முதலாளி அதிசயமணி அண்ணாச்சி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "தாயி, இதுவும் மாம்பழம் மாதிரி சுருங்கிருச்சுன்னா கூடத்தை இழுத்து மூடவேண்டியதுதான். நீயும் வித்துக்காரின்னு சொல்லிக்க முடியாது, நானும் முதலாளின்னு சொல்லிக்க முடியாது."

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள், தவழ்ந்து வந்து காலைக் கட்டிக்கொண்ட மகளைப் பார்த்தாள். எட்டு மாதக் குழந்தை. பெயர் ஆதிரை. கீழே ஒற்றைப் பல், சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் குழி. ஆழம் தெரிந்தே காலை விட்டாள், அந்தச் சிரிப்பைப் படமெடுத்தாள்.

புருஷன் தவசிமுத்து வாணவெடி ஆலையில் ராக்கெட் சோதிக்கிறவன். சாப்பாட்டில் உட்கார்ந்தபோது விஷயத்தைச் சொன்னாள். அவன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டான்.

"யாரக் கேட்டு பிள்ள மொகத்த எடுத்த?"

"படந்தானேங்க. பிள்ளையவா கொண்டுபோய் நிறுத்துறேன்?"

"அந்தப் பாட்டுக்காரரும் படந்தானேன்னுதான் குடுத்தாரு. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க. ஒரு ஊருக் கண்ணு, கனி. தாங்குமா?"

"வேற வழி தெரியலங்க."

அவன் எழுந்தான். கை கழுவிவிட்டுப் போய்க் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டான். அது அவளுக்குத் திட்டியதைவிட வலித்தது.

வித்தை அனுப்புமுன் கடைசியாக ஒருமுறை பார்த்தாள். படத்தில் என்னவோ குறைந்தது. பிறகு புரிந்தது. மாசுநீக்கும் பொறி, ஆதிரையின் கன்னத்தில் இருந்த திருஷ்டிப் பொட்டை அழுக்கு என்று துடைத்திருந்தது. பிறந்ததிலிருந்து அந்தப் பொட்டு இல்லாமல் அவள் பிள்ளை வாசற்படி தாண்டியதில்லை. இப்போது ஊரே பார்க்கப் போகிறது, வெறுங்கன்னத்தோடா அனுப்புவது? அவள் கை தானாகப் போய், இடது கன்னத்தில் மிளகளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டை வைத்தது. மனசு கொஞ்சம் ஆறியது. அனுப்பிவிட்டாள்.

இப்போது பலகையின் மூலையில் மாம்பழம் அணைந்தது. ஒரு கணம் பலகை வெறும் வெள்ளையாகக் கிடந்தது. பிறகு நடுவில் உள்ளங்கையளவுக்கு ஆதிரை சிரித்தாள்.

முதலில் பார்த்தவர் கடலைமூட்டை தூக்கிக்கொண்டு போனவர். மூட்டையோடு நின்றுவிட்டார். அடுத்து பள்ளிக்கூடப் பிள்ளைகள், அப்புறம் அவர்களைக் கூட்டிப்போன தாய்மார்கள். சிரிப்பு வளர்ந்தது. கன்னக்குழி ஒரு கிணற்றளவு ஆழமானது. ஒற்றைப் பல்லில் வெளிச்சம் வந்து உட்கார்ந்தது. சாத்தூர்ப் பேருந்தின் ஓட்டுநர் வண்டியைக் கிளப்ப மறந்து அண்ணாந்து பார்த்தார். உள்ளே இருந்தவர்கள் ஏன் கிளம்பவில்லை என்று கேட்கவும் இல்லை, அவர்களும் சன்னல்வழியே அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செல்வக்கனிக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. வித்துக்காரியாக எத்தனையோ படம் முளைத்துப் பார்த்திருக்கிறாள். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. உச்சிவேளைக்குள் கண்கள் விரிந்து இரண்டு தெப்பக்குளங்கள் ஆயின. இமை நீண்டது. தோல், உள்ளே விளக்கு வைத்ததுபோல ஆனது. அழகு என்றால் அப்படியோர் அழகு. எங்கெங்கோ போகிற அத்தனை பேரும் தம் மனசில் வைத்திருந்த குழந்தையை எடுத்து அந்த ஒரு முகத்தில் சேர்த்துவிட்டார்கள். பார்த்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டார். அவளும் பார்த்தாள். கண்ணை எடுக்க முடியவில்லை.

பால் கொடுக்கும் நேரம் தாண்டிவிட்டது என்று நெஞ்சு கனத்துச் சொன்ன பிறகுதான் குழந்தைக் காப்பகத்துக்கு ஓடினாள். ஆயா ஆதிரையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். குழந்தை அம்மாவைப் பார்த்துச் சிரித்தது.

செல்வக்கனிக்கு முதலில் தோன்றியது இதுதான்: கண்ணு ஏன் இவ்வளவு சின்னதா இருக்கு?

பெற்ற பிள்ளையைப் பார்த்து, தாய்க்கு வருகிற நினைப்பா இது? கண்ணை இறுக மூடிக்கொண்டு பால் கொடுத்தாள். மூடிய கண்ணுக்குள்ளும் பலகை முகம்தான் வந்தது. மடியில் கிடக்கிற முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள், வரவில்லை. இன்றைக்கே இப்படி என்றால் நாளை என்ன ஆகும்? தெருவில் தூக்கிக்கொண்டு போனால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? இது அது மாதிரி இல்லையே என்பார்கள். ஆயுசுக்கும் சொல்வார்கள். வாய்விட்டு அழுதாள்.

அழுத முகத்தோடு கூடத்துக்குப் போனாள். பலகையில் விழுந்த வித்தை நிறுத்த முதலாளியின் கட்டைவிரல் ரேகை வேண்டும். வேறு யாராலும் முடியாது.

"அண்ணாச்சி, நிறுத்துங்க. அது எம்பிள்ள மொகம்."

அதிசயமணி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அடிப்பாவி, என்ன காரியம் தாயி பண்ணிருக்க!" அவர் முகத்தில் உண்மையாகவே திகில் தெரிந்தது. அவரும் பேத்தி எடுத்தவர். ஆனால் அவர் பின்னால் சுவரில் பார்வைமானிக் கணக்கு ஏறிக்கொண்டே இருந்தது. இதுவரை எந்தப் பலகையும் தொடாத உயரம். கண் அதன்மேல் போகாமல் இருக்க அவரால் முடியவில்லை.

"செம்பாவைக்காரங்க போன் மேல போன் போடுறாங்க. மதுரை, திருநெல்வேலி எல்லா ஊர்லயும் போடணுங்கறாங்க. இன்னிக்கு ஒருநாள் விடு. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு நானே நிறுத்திருதேன். சத்தியமா."

"அதுக்குள்ள எம்பிள்ள எனக்கே அந்நியமாயிருவா அண்ணாச்சி."

அவர் சுவர்த்திரையில் ஓடிய பலகையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதென்ன தாயி, கன்னத்துல? ஈ உக்காந்திருக்கா?"

செல்வக்கனி திரும்பிப் பார்த்தாள். இடது கன்னத்தில் மிளகளவு வைத்த பொட்டு, வண்டிச் சக்கரம் அளவுக்கு வளர்ந்திருந்தது.

அவளுக்குச் சட்டென்று விளங்கியது. முகம் குறையே இல்லாமல் ஆகிவிட்டது. குறையில்லாத முகத்தில் கண் எங்கே நிற்கும்? நெற்றியிலிருந்து வழுக்கிக் கன்னத்துக்கு வரும், கன்னத்திலிருந்து வழுக்கி மோவாய்க்குப் போகும். பிடித்து நிற்க இருந்தது அந்தப் பொட்டு ஒன்றுதான். குறை கண்டுபிடிப்பதில் நம் ஆட்களை மிஞ்ச யாரால் முடியும்? "பிள்ள நல்லாத்தான் இருக்கு, அந்தக் கறுப்பு என்னது?" என்று ஊர் பார்க்க ஆரம்பித்திருந்தது. பார்க்கப் பார்க்கப் பொட்டு வளர்ந்தது. வளர்வதைப் பார்க்க இன்னும் கூட்டம் வந்தது.

"நிறுத்தாதீங்க அண்ணாச்சி" என்றாள் செல்வக்கனி.

"இப்பத்தான நிறுத்தச் சொன்ன?"

"இப்ப வேணாம். விடுங்க."

பொழுது சாய்ந்தபோது அவள் ஆதிரையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தவசிமுத்துவோடு பேருந்து நிலையத்தில் நின்றாள். பொட்டு கன்னத்தை விழுங்கி, கன்னக்குழியை விழுங்கியிருந்தது. அவர்கள் பார்க்கப் பார்க்க அந்தத் தெப்பக்குளக் கண்களில் ஒன்றை மெதுவாக மூடியது, பிறகு மற்றதையும். கூட்டத்திலிருந்து "ஐயோ" என்று ஒரு பெருமூச்சு வந்தது. செல்வக்கனிக்கு மட்டும் நெஞ்சிலிருந்து கல் இறங்கியது. கடைசியாக அந்த ஒற்றைப் பல் மினுங்கியது. அதுவும் போயிற்று.

பலகை முழுக்கக் கறுப்பு. உயிர்மை கறுத்தால் வெளிச்சம் தராது. ஒரு பலகை கற்றதை எல்லாப் பலகையும் கற்றுக்கொண்டது. சாத்தூர் சாலைப் பலகை அணைந்தது, ரயில்நிலையத்துப் பலகை அணைந்தது, கோயில் தெருவில் வரிசையாக இருந்தவை ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணை மூடின. தை மாதம், நிலா இல்லாத நாள். மூன்று தலைமுறையாக அந்த ஊர் அறியாத இருட்டு நாலு பக்கமிருந்தும் வந்து மூடிக்கொண்டது.

பேருந்துகள் நின்றன. யாரோ கத்தினார்கள். தவசிமுத்து மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

பிறகு கூட்டத்தில் ஒரு பெண், "யாத்தே, மேல பாருங்க" என்றாள்.

பார்த்தார்கள்.

அதை முதலில் யாருக்கும் புரிந்துகொள்ளத் தெரியவில்லை. வாணவெடி என்று நினைத்தவர்கள், இறங்கி அணையும் என்று காத்திருந்தார்கள். அது இறங்கவில்லை. அணையவுமில்லை. உப்பைக் கொட்டியதுபோல வானம் முழுக்க இறைந்து கிடந்தது. பெரியது, பொடி, நீலம், வெள்ளை, பொடிக்குப் பின்னால் அதைவிடப் பொடி. பார்க்கப் பார்க்க இன்னும் வந்துகொண்டே இருந்தன. சத்தம் அடங்கிவிட்டது. பெரிய பேருந்து நிலையம், அவ்வளவு சனம், ஒருவர் இருமினால்கூடக் கேட்டது. செல்வக்கனிக்குக் காரணமில்லாமல் கண்ணீர் வந்தது. தான் இத்தனை காலம் இதற்கு அடியில்தான் நடமாடிக்கொண்டிருந்தோம் என்பதை அவளால் நம்ப முடியவில்லை.

"ஏ கனி," என்றான் தவசிமுத்து. "நாங்க காலகாலமா செஞ்ச வெடியெல்லாம் இதப் பாத்துத்தான் செஞ்சதா?"

கிழக்கே செம்மையாக ஒன்று நின்றது. மகளுக்கு நட்சத்திரத்தின் பெயரை வைக்கும்போது படத்தில் பார்த்த சிவப்பு அது. "ஏங்க, அதுதான் ஆதிரை" என்றாள். குழந்தையின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள். அந்த மங்கலான வெளிச்சத்தில் மகளின் முகம் தெரிந்தது. சின்னக் கண், ஒருபக்கக் குழி, கன்னத்தில் காலையில் வைத்த மை. சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது. பலகை முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை. பொட்டு, வைத்த வேலையைச் செய்துவிட்டது. பிள்ளைமேல் விழ இருந்த அத்தனை கண்ணையும் தன்மேல் வாங்கிக்கொண்டு கறுத்து நின்றது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அதிசயமணி வந்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு நிறுத்துவதாகச் சத்தியம் செய்தவர் அதை மறந்தே போயிருந்தார். அறுபது வயது மனிதர், வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்தபடியே நடந்து வந்து அவர்கள்மேல் மோதினார். கன்னமெல்லாம் ஈரம். "தாயி, தாயி" என்று மேலே கை காட்டினார்.

அப்போது அவர் சட்டைப்பையில் கைத்திரை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு செல்வக்கனியிடம் நீட்டினார்.

பார்வைமானிகள் இருட்டிலும் வேலை செய்கிறவை. அத்தனை கண்ணும் பலகையின் மேல் விளிம்பைத் தாண்டிப் போனதை அவை பார்த்துக்கொண்டுதான் இருந்தன. வளர்பலகைக்குத் தெரிந்த சட்டமும் ஒன்றுதான். திரையில் இப்படி எழுதியிருந்தது:

'ஊரின் முழுப் பார்வையும் மேலே நிற்கிறது. வளர இடம் போதவில்லை. உயரத்தில் கண்ணாடித்தூள் விரித்து அதில் உயிர்மை தூவி, வானத்தைப் பலகையோடு இணைக்க அனுமதி தேவை.'

கீழே, பார்த்தவர்களின் கணக்கு. அங்கே நின்ற ஒருவர் விடாமல் எல்லாரும் அதில் இருந்தார்கள். கடலைமூட்டைக்காரர் இருந்தார், சாத்தூர்ப் பேருந்தின் ஓட்டுநர் இருந்தார். இடுப்பிலிருந்து இமைக்காமல் மேலே பார்த்துக்கொண்டிருந்த எட்டு மாதக் குழந்தையின் இரண்டு கண்ணும் இருந்தன.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றாள் செல்வக்கனி. "பாருங்க, எவ்வளவு நல்லாருக்கு. இப்படியே இருக்கட்டும். விட்டுருங்க."

"நல்லாருக்குன்னுதானே தாயி அது கேக்குது" என்றார் அதிசயமணி. அவர் குரலில் பேராசை இல்லை. அழுதுகொண்டேதான் சொன்னார், கட்டைவிரல் திரையின்மேல் நின்றது. "ஊரே சொல்லிருக்கு. நாம எப்பத் தெருப் பேச்சத் தட்டிருக்கோம்?"

"அண்ணாச்சி, கட்டைவிரல எடுங்க" என்றான் தவசிமுத்து.

அவர் எடுக்கவில்லை. மறுபடி ஒருமுறை வானத்தைப் பார்த்தார், ஆசை தீராதவர்போல. பிறகு அழுத்தினார். "மொத வித்து நீதான் போடணும். இந்தப் பொட்டு வச்ச கைதான் ராசியான கை" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, செம்பாவைக்காரர்களுக்குப் போன் போடக் கூட்டத்துக்கு வெளியே போனார்.

சனம் இன்னும் அண்ணாந்தே நின்றது. பார்த்தால் வளரும் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் கண்ணை இறக்க யாராலும் முடியவில்லை, செல்வக்கனியாலும் முடியவில்லை.

அவள் ஆதிரையின் கன்னத்து மையை நடுவிரலால் தொட்டாள். கையை மேலே நீட்டினாள். எந்த இடத்தில் வைப்பது என்று தேடினாள். அங்கே எல்லாம் ஏற்கெனவே கறுப்பாகத்தான் இருந்தது.